நான் விற்ற பங்கு, அவன் விற்காத பங்கு

அந்தச் சின்ன ஐ.டி. கம்பெனியின் பங்கை நான் வாங்கிய தேதி, விற்ற தேதி இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். நடுவே ஐந்தே மாதம். என் பேச்சைக் கேட்டு அதே வாரம் வாங்கிய நண்பன் மட்டும் விற்கவில்லை. அவன் கரும்பு விவசாயி. மூன்று வருடத்தில் விலை பல மடங்கு ஏறிவிட்டது. அவன் கைபேசியை என் பக்கம் திருப்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கச்சிராயபாளையம் டீக்கடையில் அவனிடம் சொன்னேன். "இந்த வெலைக்கு அது தேறாதுடா. பெரிய கஸ்டமர் ஒருத்தன்தான். அவன் போயிட்டா கம்பெனியே காலி."

"எங் கரும்புகூட ஒரே ஆலைக்குத்தான் போவுது. அதுக்காவ கொல்லைய வித்துட்டனா?"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கியது. பிறகு நண்பன் குரலைத் தாழ்த்தினான். "வூடு கட்டணும்டா. நாளைக்கு வித்துடவா, வெச்சிக்கினு இருக்கவா? நெசத்த சொல்லு."

விலை இன்னும் ஏறும் என்பதுதான் என் கணிப்பு. ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்திருந்தேன். ஆனால் அவன் வீடு மாடியோடு என் கண்முன் எழுந்து நின்றது.

"வித்துடு. நாளைக்கே" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ இம்மாம் அவசரப்படறன்னா இன்னும் ஏறும்போல. வெச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து வடை சொன்னான்.