நைல்ஸில் பார்த்த தொப்பிக்காரர்

தை பிறந்த முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கலிபோர்னியாவின் டப்ளினிலிருந்து கிளம்பினோம். 680 ஃப்ரீவேயில் தெற்கே போய், சுனோலில் திரும்பி, மலைப்பாதையில் இறங்கினால் நைல்ஸ். இருபது மைல் கூட இல்லை.

காரை ஓட்டிய சாதிக் மேலப்பாளையத்துக்காரன், கல்லூரியில் எனக்கு ஜூனியர், இப்போது சாஃப்ட்வேர் வேலை. பின்சீட்டில் அவன் மகள் ஆயிஷா, ஐந்து வயது. மறுநாள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா நாடகத்தில் சாதிக்தான் காமெடியன்.

"போன வருஷம் ஹாலே சிரிச்சுதுண்ணே. இவ மட்டும், 'ஒய் வாஸ் எவ்ரிபடி லாஃபிங், வாப்பா?'ன்னு கேட்டா. இவள ஒரு தடவையாவது சிரிக்க வைக்கணும்."

நைல்ஸ் ஒரே கடைத்தெரு, ஒரு ரயில்பாதை. ஊமைப்படக் காலத்தில் இங்கே படம் பிடித்தார்கள் என்றால் நம்பச் சற்று நேரமாகும். பழைய கொட்டகை ஒன்றில், அந்தக் காலச் சிரிப்பு நடிகர் ஒருவரின் குறும்படங்கள் மூன்று. டிக்கெட் ஐந்து டாலர். திரைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் பியானோ வாசித்தார். நடிகரின் பெயர் என் நாக்குக்குப் பிடிபடவில்லை. தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படத்தில் அவர் பெயரே போடவில்லை. ஹோட்டல் சர்வராக அரை நிமிடம் வருகிறார். தட்டுகள் எல்லாம் சரிய, தொப்பியை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார். இரண்டாவது படத்தில் படத்தின் பெயரைவிட அவர் பெயர் பெரிது. சுவருக்குள் மடங்கும் கட்டில் ஒன்று அவரை விழுங்குகிறது. மரியாதையாகத் தலைவணங்கி உள்ளே போகிறார். மூன்றாவது பேசும் படம். யாரோ கதாநாயகன், இவர் வசனமில்லாத வாயிற்காவலர். கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான். அதற்கும் கொட்டகை அதிர்ந்தது. மகா கலைஞன்! நம் ஊரில் காமெடியன் வாயைத் திறந்தால்தான் கைதட்டல்.

வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவராம். ஆங்கிலம் சரளமில்லை. பேசும் படம் வந்ததும் அந்தக் குரல் யாருக்கும் வேண்டாமல் போயிற்று என்று பியானோ அம்மாள் சொன்னார். கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஆயிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாதிக் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆளு ஒரு தடவகூட சிரிக்கல, கவனிச்சீங்களாண்ணே? கஷ்டத்த நெஜமாவே படுறாரு."

ஞாயிறு மாலை, பள்ளி அரங்கம். சாதிக்குக்கு ஊரிலிருந்து வந்த மாமனார் வேஷம். வசனத்தில் பாதியைக் கழித்துவிட்டு, காரில் குழந்தைகளை வார் மாட்டி உட்கார வைக்கும் கார் சீட் ஒன்றை மேடைக்குத் தூக்கி வந்தான். விமானத்தில் உட்காருகிற பவிசோடு அதில் உட்கார்ந்து வாரை மாட்டினான். கழற்றும் பட்டனோ தொந்திக்கு அடியில், கை எட்டவில்லை. அரங்கம் சிரித்தது. அவனுக்கு நிஜமாகவே வியர்த்தது. நாடகம் எழுதியவர் ஓரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

முன்வரிசையிலிருந்து ஆயிஷா மேடைக்கு ஓடினாள். "வாப்பா! புஷ் த ரெட் பட்டன்!" என்று அதட்டி, தானே அழுத்தினாள். சாதிக் கம்பீரமாக எழுந்தான். வார் கழன்றும், இடுப்பில் சிக்கிய கார் சீட்டும் கூடவே எழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

திங்கள் காலை, ஊர் திரும்பும் என்னை சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அழைத்துப் போனான்.

"அவ சிரிச்சால்லண்ணே?"

"சிரிச்சா."

மேடையில் பக்கத்திலேயே நின்றவன் அவன். ஆனாலும் சான் மடேயோ பாலத்தில் ஏறியதும் மறுபடியும் கேட்டான்.