சீல்காரரின் மிஷின்

கடைத்தெருவில் அவரைச் சீல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். டி.வி. மெக்கானிக் என்பது அவர் தொழில். சீல்காரர் என்பது குணம். பழுது பார்த்த எந்தப் பெட்டியையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. பின்மூடியின் விளிம்பில் ஒரு காகிதத்தை ஒட்டி, பாதி மூடியிலும் பாதி பெட்டியிலும் விழும்படி கையெழுத்துப் போடுவார். "நாளைக்கு எவனாவது தொறந்து நோண்டிட்டு என் தலையில கட்டக் கூடாதுல்ல?" என்பார். கைவேலை சுத்தம், பேச்சும் தன்மைதான். ஆனால் தன் நிழல் பின்னால் வந்தால்கூட எதற்கு வருகிறது என்று திரும்பிப் பார்க்கிற மனுஷன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இவர் கண்ணுக்குப் பட்டப்பகலில் நிற்பவனும் பேய்தான்.

வீட்டிலும் இதே கூத்து. தன் பொருள்கள் இருந்த பீரோவின் கதவிடுக்கில் யாருக்கும் தெரியாமல் ஒரு கறுப்பு நூலைக் குறுக்கே ஒட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை, திரும்பி வந்ததும் ஒரு பார்வை. நூல் ஒருநாளும் அறுந்து கிடந்ததில்லை. அதனாலேயே இந்த உலகத்தில் அவர் முழுதாக நம்பிய ஒரே ஜீவன் அவர் மனைவி.

மனைவியின் தம்பியை அப்படி நம்ப முடியவில்லை. தாய் போனபின் அக்காவே தூக்கி வளர்த்த பிள்ளை அவன். இப்போது தெருமுனையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். பிக்சர் டியூப் காலத்து மிஷின் ஒன்று, ஆள் உயரம், எங்கோ மூலையில் கிடந்ததைச் சீல்காரர் வாங்கி உயிர் கொடுத்து அவன் கடையில் நிறுத்தினார். மிஷின் இவருடையது, இடம் அவனுடையது. பின்கதவுக்குப் பூட்டு, பூட்டைச் சுற்றிக் காகிதம். கதவில் இருந்த துளை வரிசை வழியாகக் கம்பியை விட்டு எவனாவது தாழ்ப்பாளை நெம்பிவிட்டால்? அதனால் அங்கேயும் நீளமாகக் காகிதம் ஒட்டி, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாளில் மிஷின் மக்கர் செய்தது. காலையில் படம் பளிச்சென்று வரும். ஆட்டம் சூடு பிடித்ததும் இரண்டு பக்கமும் சுருங்கும். அப்புறம் கருகல் வாசனை, அப்புறம் இருட்டு. திறந்து பார்த்தால், படத்தை அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கிற டிரான்சிஸ்டர் பொசுங்கியிருக்கும். அலுமினியத் தகட்டில் திருகி வைத்த விரல் நக அளவுச் சாமான்.

புதிதாக மாட்டினார். அடியில் மின்சாரம் தகட்டுக்குத் தாவாமலிருக்க மைக்கா ஏடு வைத்து, சூட்டை இறக்கும் வெள்ளைப் பசை தடவி, கதவைத் திறந்தபடியே அரைநாள் ஓடவிட்டார். தகட்டில் விரலை வைத்தால் இதமான சூடு, அவ்வளவுதான். பூட்டி, ஒட்டி, வீட்டுக்குப் போனார். மறுநாளே பொசுங்கியது. சுற்றியிருந்த சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்தார், ஒன்றிலும் குற்றமில்லை. இன்னொன்று மாட்டினார். அதுவும் போயிற்று.

'என் கண் முன்னால் ஓடினால் குளிர்ச்சி. அவன் பொறுப்பில் விட்டால் கொதிப்பு. இது எந்த ஊர் நியாயம்?' மெக்கானிக் மூளை அதோடு நின்றது, சந்தேக மூளை கிளம்பியது. மச்சினன் நல்ல சாமானைக் கழற்றித் தன் மிஷின்களில் போட்டுக்கொண்டு, இதில் எதையோ மாட்டிவிடுகிறான். மூன்றாவது முறை போனபோது சாட்சியும் கிடைத்தது. காகிதத்தின் ஒரு முனை பிரிந்து தொங்கியது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டே மாப்ளே" என்றார், கடை நிறையப் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே. "சீலை யார் பிரிச்சா?"

மச்சினன் முகம் கறுத்துப் போனது. "நான் அதைத் தொடவே இல்ல மாமா."

"தொடாம தானா பிரிஞ்சுதா? அதுக்குக் கையா முளைச்சிருக்கு?"

"அக்கா மொகத்துக்காகப் பேசாம இருக்கேன். இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். மிஷினையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

விஷயம் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மனைவி சண்டை போடவில்லை, அழவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். அந்த மௌனம் அவரை அறுத்தது. தம்பியின் திருட்டை நிரூபித்தால்தான் தன் நியாயம் அவளுக்குப் புரியும் என்று நினைத்தார், பாவம். புதிய டிரான்சிஸ்டரை மாட்டி, புதிய காகிதங்களை ஒட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டு மிஷினுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மச்சினன் தடுக்கவில்லை. மடியில் கனமில்லாதவன்.

மத்தியானம் முழுக்க யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. முன்னால் பையன்கள் பட்டனைக் குத்தும் சத்தம். திடீரென்று, "அண்ணே, படம் சுருங்குது!" என்று ஒருவன் கத்தினான்.

அதே நேரத்தில், அவர் கண்ணெதிரே, காகிதத்தின் முனை ஒன்று தானாகவே எழும்பியது. பசை இளகி, மெல்லப் பிரிந்து, படபடவென்று ஆடியது. அந்த இடத்துத் துளைகளிலிருந்து அனல் அவர் முகத்தில் அடித்தது. கதவில் கை வைத்தார். அடுப்புக் கல் மாதிரி கொதித்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவை காற்றுத் துளைகள். சூடு வெளியே போக வைத்த வழியை அவரே கையெழுத்துப் போட்டு அடைத்திருக்கிறார். அடைத்ததால் சூடு, சூட்டால் பசை இளகல், இளகியதைப் பார்த்துத் திருட்டுப் பட்டம். காகிதங்களைப் பரபரவென்று கிழித்தெறிந்தார். கொஞ்ச நேரத்தில் படம் இரண்டு பக்கமும் விரிந்து தன் இடத்தில் நின்றது. சாயங்காலம்வரை காத்திருந்து கதவைத் திறந்து தகட்டைத் தொட்டார். இதமான சூடு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் அதே பையன்களுக்கு முன்னால் போய் நின்றார். "மாப்ளே, தப்பு என்னோடது. காத்துத் துளையை நான்தான் அடைச்சிருக்கேன். மன்னிச்சிடு."

"எங்கிட்ட சொன்னா ஆச்சா?" என்றான் மச்சினன். "மொதல்ல அக்காகிட்ட சொல்லுங்க."

வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி துணி மடித்தபடியே கேட்டாள்.

"தம்பி வருவானா?"

"நீ கூப்பிட்டா வருவான்."

"சரி. அப்படியே பீரோவுல இருக்கற நூலையும் எடுத்துடுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு... தெரியுமா?"

"ஒட்டின வாரமே தெரியும். தொறக்கும்போதெல்லாம் அறுந்து போகும். உங்க நூல்கண்டுல இருந்தே எடுத்து, உங்க பசையாலயே திரும்ப ஒட்டி வச்சிடுவேன்."

"எதுக்கு ஒட்டணும்?"

"அறுந்திருந்தா என்னை எப்படிப் பார்ப்பீங்கன்னு தெரியும். இப்ப என் தம்பியைப் பார்த்தீங்களே, அப்படி."

அவர் பீரோவின் அருகே போனார். நூல் நேராக, அழகாக ஒட்டியிருந்தது. தான் ஒட்டுவதைவிடச் சுத்தமான வேலை. இத்தனை தடவை எதற்காகத் திறந்தாள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை மென்று விழுங்கிக்கொண்டு, நகத்தால் நூலை உரிக்கத் தொடங்கினார்.