நாலாவது பத்து

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை, ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு பத்து. பத்து என்றால் செபமாலையில் பத்து மணி. ஐம்பது மணியை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்து வரும். நாங்களும் ஐந்து பேர். அப்பா, அம்மா, அண்ணை, நான், தங்கச்சி. "ஆண்டவர் கணக்குப் பாத்துத்தான் எனக்கு மூண்டைத் தந்தவர்" என்று அம்மா சொல்லுவா. நாலாவது பத்து என்னுடையது.

கோயிலில் முதல்தடவையாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த அன்று பின்னேரம்தான் அது எனக்குக் கிடைத்தது. செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம். அதன் முதற்பாதியைப் பத்துக்குச் சொந்தக்காரர் தனியே சொல்வார், மறுபாதியை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். நான் ஒரு பாதி சொல்லி முடிக்க, அப்பாவின் கனத்த குரல், அம்மாவின் குரல், அண்ணையின் உடைந்துகொண்டிருந்த குரல், தங்கச்சியின் மழலை, நாலும் ஒன்றாக எழும்பி என் பாதியை வாங்கிக்கொண்டன. எனக்கு அது நிற்பாட்ட மனமில்லாத சந்தோசம். மணியை விரலால் நகர்த்தவே மறந்துபோய்ச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை. கடைசியில் அப்பாதான், "காணுமடா, மாதாவுக்கே களைச்சுப்போகும்" என்றார். அண்ணை சிரித்து அடி வாங்கினான்.

நாங்கள் சண்டிலிப்பாய்க்கு அங்கால், தோட்டக்காரர். புகையிலையும் வெங்காயமும். அப்பா படிப்பு என்று ஒன்றும் இல்லாமல் தோட்டத்துக்கு வந்தவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். அண்ணை இடம்பெயர்வுகளுக்குள் அகப்பட்டு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பல்கலைக்கழகத்துக்குப் போக ஏ.எல். சோதனை எழுதியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் எனக்குச் சில சலுகைகள் இருந்தன. சோதனைக் காலத்தில் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறப் போகத் தேவையில்லை, வெங்காயம் பிடுங்க வரத் தேவையில்லை. ஆனால் செபத்துக்கு மட்டும் சலுகை கிடையாது. ஏழரை என்றால் ஏழரை. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் சாக்கை விரித்து முழங்காலில் நிற்க வேண்டும். அப்பா செபமாலை பிடிப்பதில்லை. புகையிலைக் கறை ஏறிய விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவார். விடிய நாலு மணிக்கு எழும்பின மனுசன், மூன்றாவது பத்தில் தலை சாயும். ஆனால் நித்திரையிலும் மறுபாதி மட்டும் பிழைக்காமல் வாயிலிருந்து வரும். முன்னே சாய்ந்து நெற்றி சுவரில் முட்டும்போது அம்மா இருமுவா. அவர் நிமிர்ந்து, நித்திரையே கொள்ளாதவர் மாதிரி, இன்னும் பெலத்துச் சொல்வார்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் கரைச்சல் என்றுதான் நினைத்தேன். முழங்கால் நொந்தது. பக்கத்து வீட்டில் ரிவி ஓடியது. அந்த இருபது நிமிடத்தை நினைத்து ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. விடுதியில் எங்கடை ஆக்கள் சிலர் இருந்தார்கள், சனிக்கிழமைகளில் சேர்ந்து செபமாலை சொல்வோம். கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் கீறும் வேலை கிடைத்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறைக்கு வந்த பிறகுதான் தனிய என்றால் என்னவென்று விளங்கியது. வீட்டில் என் பத்தை அம்மா சொல்லிக்கொண்டிருந்தா. தன் இரண்டாவதையும் சொல்லி, நாலாவது வந்ததும் "இது அவன்ரை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்குவாவாம். தங்கச்சிதான் இதை எனக்குச் சொன்னாள். கூடவே ஒரு யோசனையும் சொன்னாள்.

"சின்னண்ணை, நாங்கள் போனை மாதாவுக்குப் பக்கத்திலை வைக்கிறம். நீங்கள் அங்கையிருந்து உங்கடை பத்தைச் சொல்லுங்கோ."

அன்றைக்கு வேலையிலிருந்து ஓடி வந்தேன். முகம் கழுவி, துவாயை மடித்து நிலத்தில் போட்டு, ஏழரைக்கு முழங்காலில் நின்றேன்.

"கேக்குதோடா?" அம்மா கத்தினா.

"கேக்குதம்மா. நீங்கள் கத்தத் தேவையில்லை."

"அவன் கொழும்பிலையல்லோ நிக்கிறான், கத்தாட்டி எப்பிடிக் கேக்கும்?" இது அண்ணை.

அப்பா தொடங்கினார். அவர் பாதி முடிந்ததும் நான் மறுபாதியைச் சொன்னேன். அது அங்கே போய்ச் சேரப் பிந்தியது. அவர்கள் மறுபாதியை முடித்து, அப்பா அடுத்த மணிக்குப் போன பிறகுதான் என் குரல் அங்கே கேட்டதாம். தங்கச்சி சிரிப்பை அடக்கியபடி, "சின்னண்ணை கிணத்துக்குள்ளை இருந்து சொல்லுற மாதிரிக் கிடக்கு" என்றாள். அம்மா அதட்டினா.

என் பத்து வந்தது. நான் முதற்பாதி சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். சத்தமில்லை. ஒருவேளை கேட்கவில்லையோ என்று திரும்பவும் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து அங்கிருந்து நாலு குரலும் வந்து என் குரலில் மோதின. நான் நிறுத்தினேன். அவர்களும் நிறுத்தினார்கள்.

"ஹலோ?" என்றா அம்மா.

"செபத்துக்குள்ளை என்னப்பா ஹலோ!" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணை அடக்கமுடியாமல் வெடித்துச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அது அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

அப்பா போனுக்குக் கிட்ட வந்து, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "தம்பி, நீ அங்கை சொல்லு. நாங்கள் இஞ்சை சொல்லுறம். மாதாவுக்கு ரெண்டும் கேக்கும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் தனியே சொல்லத் தொடங்கிய பிறகுதான் அதில் உள்ள சிக்கல் தெரிந்தது. இரண்டு பக்கத்துக்கென்று செய்த செபம் அது. முதற்பாதியைச் சொல்லிவிட்டு மூச்சு எடுப்பேன். அந்த இடைவெளியில் ஒருவரும் வரமாட்டார்கள். நானே மறுபாதியையும் சொல்ல வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு நானே எழும்பிப் போய்ப் பதில் சொல்லுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் என்னை அறியாமலேயே ஒரு வழி பிடிபட்டது. முதற்பாதியை என் குரலில் சொல்வேன். மறுபாதிக்குக் குரலைத் தாழ்த்திக் கனமாக்கி, அப்பா சொல்வது போலச் சொல்வேன். சில இடங்களில் அவரைப் போல நித்திரைக் குரலையும் சேர்த்துக்கொள்வேன். வெட்கமாக இருந்தாலும் அப்படிச் சொன்னால் அறை கொஞ்சம் நிறைந்தது.

ஒருநாள் நாலாவது பத்தில் நிற்கும்போது கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அன்ரி. அறைக்கு ஆட்களைக் கூட்டி வரக்கூடாது என்று முதல் நாளே சொன்னவ.

"தம்பி, உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"ரெண்டு பேரின்ரை சத்தம் கேட்டுது. ஒரு வயசாளி வேறை." அவ என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தா. கட்டில், மேசை, கொடியில் என் சேட்டு. நிலத்தில் மடித்த துவாய்.

"செபம் சொல்லிக்கொண்டிருந்தனான் அன்ரி."

"ஓ." அவவுக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஆனால் சந்தேகம் தீரவில்லை. "அப்ப மற்றது ஆர்?"

"மற்றதும் நான்தான்."

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு, "சாப்பிட்டியளோ தம்பி?" என்று கேட்டா. அன்றைக்கு இரவு ஒரு கோப்பையில் புட்டும் கறியும் கொண்டுவந்து வைத்தா. நல்ல மனுசி. ஆனால் அதற்குப் பிறகு என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதியில் வேலை ஞாபகம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல அதுவும் நின்றுபோனது. அம்மா போனில் "செபம் சொல்லுறனியோ?" என்று கேட்டால், "ஓமம்மா" என்பேன். வீட்டில் ஒரு பத்து எனக்கென்று இருக்கிறது, போனால் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொழும்பில் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நினைப்புத்தான்.

இடையில் அண்ணை கலியாணம் முடித்தான். அதற்கு வந்தபோது வீடு நிறையச் சனம், செபத்தைக் கோயில் மூப்பர் சொன்னார். எனவே நான் சரியாக வீட்டுச் செபத்துக்கு நின்றது சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. அண்ணி இப்போது எங்கள் வீட்டில். ஏழரைக்குச் சாக்கு விரித்து ஆறு பேரும் முழங்காலில் நின்றோம். அப்பா, அம்மா, அண்ணை, மூன்று பத்தும் முடிந்தன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். அதே நேரம் அண்ணியும் தொடங்கினா.

இரண்டு பேரும் உடனே நிறுத்தினோம். தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணி" என்றேன்.

அவ கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. அங்கே செபத்தைக் கொஞ்சம் இழுத்து, கடைசிச் சொல்லை நீட்டிச் சொல்வார்கள். என்னைத் திகைக்க வைத்தது அதுவல்ல. மறுபாதியை எங்கள் வீட்டு ஆட்களும் அதே இழுவையில் சொன்னார்கள். அப்பா கூட. நான் மட்டும் பழைய வேகத்தில் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அடுத்த மணியிலும் அப்படித்தான். பத்து மணியும் அப்படித்தான். போனில் நான் பிந்தினேன், வீட்டில் முந்தினேன்.

செபம் முடிய அண்ணி குசினிக்குள் என்னைப் பிடித்தா. "தம்பி, குறை நினைக்காதேங்கோ. மாமிதான் எனக்கு நாலாவதைத் தந்தவ. ஆள் இல்லாமல் கிடக்குது எண்டு."

"குறை ஒண்டுமில்லை அண்ணி. ஆள் இல்லாமல்தானே கிடந்தது."

"நாளைக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"நாளைக்குப் பின்னேரம் நான் பஸ்."

அப்பா வெளியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நாளைக்கு என்ரை பத்தை அவன் சொல்லட்டும்" என்று அங்கிருந்தே சொன்னார்.

"ஏழரைக்கு அவன் எங்கை நிக்கப்போறான்?" என்றா அம்மா.

"அப்ப ஏழரைக்கு முதல் சொல்லுவம்."

அம்மா அகப்பையோடு வெளியே வந்து அவரைப் பார்த்தா. காய்ச்சல் கிடந்தாலும், கரண்ட் இல்லாவிட்டாலும், புயல் அடித்தாலும் அசையாத ஏழரை அது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு, நல்ல வெயிலில், சாக்கை விரித்தோம். மெழுகுதிரி கொளுத்தியும் வெளிச்சம் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து நேரே வந்த அப்பாவின் காலில் செம்மண் காயாமல் இருந்தது. என் பை வாசலில். நான் முதலாவது பத்தைத் தொடங்கினேன். மறுபாதி ஐந்து குரலில், இழுவையோடு, வந்தது. இந்த முறை நான் காத்திருந்தேன். அவர்கள் கடைசிச் சொல்லை நீட்டி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததைச் சொன்னேன். பாதி மட்டும் சொன்னால் போதும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது தெரிந்தது.

செபமாலையில் ஆறோ ஏழோ மணி போயிருக்கும். படலை படாரென்று திறந்தது. அடுத்த வளவு மாமி, சைவசமயக்காரி, ஈரக் கையோடு ஓடி வந்தா.

"ஐயோ, என்னடி? ஆருக்கு என்ன?"

ஊரில் நேரம் தப்பிச் செபம் கேட்டால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். மாமி ஒவ்வொருவராக எங்களை எண்ணினா.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையக்கா" என்றா அம்மா. "பொடியன் வெளிக்கிடுறான்."

மாமி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டா. "நல்ல ஆக்கள்! நீங்கள் துவங்கத்தானே நான் உலை வைக்கிறனான். இப்ப நான் சோறு போடுறதோ விடுறதோ?" அப்பா சிரித்துவிட்டார். செபத்துக்குள் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமி போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா.

பஸ் ஆறரைக்கு வெளிக்கிட்டது. பளையைத் தாண்டும்போது போனில் நேரம் பார்த்தேன். ஏழரை. வீட்டுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே அம்மா தூக்கினா.

"என்னம்மா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லையடா. சும்மா இருக்கிறம். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." பின்னால் தங்கச்சி ஏதோ சொல்வதும் அண்ணி சிரிப்பதும் கேட்டது. "அப்பா கேக்கிறார், இன்னொருக்காச் சொல்லுவமோ எண்டு."

"சொல்லுங்கோவன்."

"அப்ப வைக்கிறன். நீ கவனமாப் போ." போனை நிற்பாட்டத் தெரியாமல் அவ அப்படியே கீழே வைத்துவிட்டா. சாக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா, தன் முதலாவது பத்தைத் தானே, தொடங்கினார். பக்கத்து இருக்கையில் ஒருவர் வாயைத் திறந்து நித்திரை. நான் போனைக் காதில் வைத்தபடி ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அங்கே பிந்திப் போகும். ஆனையிறவுக்குக் கிட்ட சிக்னல் விட்டுப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர்கள் மூன்றாவது பத்தில் நின்றார்கள்.