ஆறு மாதக் குழந்தையோடு ஹெப்பகோடி வரை: வீடு தேடிய ஒரு சனிக்கிழமை

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது வீடு பார்க்க. சிரிக்காதீர்கள், நந்தி மலைக்குப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை. கைக்குழந்தையோடு பெங்களூரில் வாடகை வீடு தேடப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் என் கணவர் அருளும் பெங்களூரின் தெற்கு ஓரத்தில் இருக்கிற ஹெப்பகோடிப் பக்கம் வேலை செய்கிறோம். எனக்கு மருந்து பேக்கிங் கம்பெனியில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை, அவருக்குப் பக்கத்து கம்பெனியில் மூன்றிலிருந்து பதினொன்று வரை. பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த மாதம் நான் திரும்ப வேண்டும். கம்பெனியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால், நான் வந்து மகள் மித்ராவை வாங்கிக்கொள்ள, அவர் கிளம்பலாம். கிடைக்காவிட்டால் மித்ரா ஊரில் அம்மாவோடு, நான் பழையபடி ஹாஸ்டலில், வாரத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளை முகம். அருள் லீவு போட்டுவிட்டு வந்தது அதற்காகத்தான்.

காலை ஆறு மணி வாக்கில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பெங்களூர் கன்டோன்மென்ட் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. கூட்டம் இருந்தும், கையில் பிள்ளையைப் பார்த்ததும் மூன்று பேர் எழுந்தார்கள். அதில் ஒருவரின் இடத்தில் அருள் உட்கார்ந்துவிட்டதை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

முதலில் நகரத்துக்குள்ளேயே இருக்கிற நீலசந்திரா. ஆட்டோவுக்கு நூற்று ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஹெப்பகோடி தூரம்தான், ஆனால் அருளின் சித்தப்பா அங்கே ஒரு வீடு பார்த்துவைத்திருந்தார். பார்க்காமல் போனால் கோபித்துக்கொள்வார். தெரு முழுக்கத் தமிழ், வாசலில் தண்ணீர்க் குழாய், புதுப் பெயிண்ட். அருள் ஐந்தே நிமிடத்தில் சொக்கிப்போனார். அந்த நேரம் பார்த்து மித்ராவுக்குப் பசி. அந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பெண் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். குழந்தை குடித்து முடிக்கும்வரை கூடவே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், மழை பெய்தால் அந்த மூலை முழுக்க ஒழுகுமாம், பெயிண்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாமாம், பாப்பாவுக்கு ஆகாதாம். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இதைப் படித்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள், அக்கா.

சில்க் போர்டு வரை மறுபடி ஆட்டோ, அங்கிருந்து ஹெப்பகோடிக்கு மெட்ரோ. முன்பு இதே ரோட்டில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். இப்போது அரை மணிக்குள் இறங்கிவிடலாம். ஏசி காற்றில் மித்ரா தூங்கிவிட்டாள்.

இரண்டாவது வீட்டைப் புரோக்கர் காட்டினார். மாடியில் இரண்டு அறை, நல்ல வெளிச்சம், கம்பெனி கேட்டுக்கு எட்டு நிமிட நடை. வீட்டுக்காரர் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். என் தோளில் துணிக்குள் இருப்பது குழந்தை என்று தெரிந்ததும், நேற்றே வேறு ஒருவருக்கு வாக்கு கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. புரோக்கர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவுக்கு வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அருள் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அந்த இளநீர் வண்டிக்கு எதிர்ச் சந்தில்தான் 'டு லெட்' போர்டு தொங்கியது. கீழ் வீடு, இரண்டு சின்ன அறைகள், பின்னால் துணி காயப்போட இடம். கம்பெனிக்குப் பன்னிரண்டு நிமிடம். வீட்டுக்கார அம்மா கௌரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று குழந்தையைக் காட்டினேன். அவர் முகம் வாடியது.

"மேல நைட் டியூட்டி அம்மா இருக்காங்க, பகல்ல தூங்கணும். குழந்தை அழுதா அவங்களுக்குத் தொந்தரவு ஆகும்மா."

கோபிக்க முடியவில்லை, நியாயமான காரணம். கிளம்பலாம் என்று திரும்பியதும் மித்ரா விழித்துக்கொண்டு வீடே அதிரக் கத்தினாள். பால் கொடுக்க மட்டும் ஒரு ஓரம் கேட்டேன். கௌரம்மா உடனே பாய் விரித்து, ஃபேனையும் போட்டார். அதற்குள் படியில் காலடிச் சத்தம். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, கண் சிவக்க ஒரு பெண் இறங்கிவந்தார். அவர்தான் மாடி வீட்டு விமலா. கௌரம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

விமலா என் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மாதம் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் இரவு ஆயாவாக இருக்கிறாராம். கௌரம்மாவும் நாங்களும் நிற்கிற நிலையைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது போல.

"எனக்காக வீடு இல்லன்னு சொல்லாதீங்கம்மா. அழுவற கொழந்தயப் பத்தி எனக்கு இன்னா பயம்? அழாத கொழந்தைக்குத்தான் நாங்க எந்திரிச்சு ஓடுவோம்."

சொல்லிவிட்டுத் தூங்க மேலே போய்விட்டார். கௌரம்மா அருள் பக்கம் திரும்பி, சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டார். வாழ்நாளில் அடித்ததில்லை என்றார் அருள். அது முழு உண்மை, வீட்டில் ஆணி அடிப்பவள் நான்தான். அட்வான்ஸில் ஒரு பகுதியை அங்கேயே கொடுத்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தை இருப்பதை போனிலேயே சொல்லிவிடுங்கள், பாதி அலைச்சல் குறையும். பால் குடிக்கிற நேரத்தை ஒட்டியே வீடு பார்க்கப் போங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத ஒழுகலும் மோட்டார் சத்தமும் அரை மணியில் தெரிந்துவிடும். ஒரு நாளில் மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம், பிள்ளை தாங்கினாலும் நாம் தாங்க மாட்டோம். தங்கவயல் ரயில் நேரங்களை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கேட்கக் கூச்சப்படாதீர்கள். அன்று பால் கொடுக்க இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

மெட்ரோ பிளாட்பாரத்தில் நின்று அம்மாவுக்கு போன் செய்தேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, அம்மாவும் தினமும் பெங்களூர் ரயிலைப் பிடித்து கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்தவர்தான். வீடு கிடைத்துவிட்டது, மித்ரா எங்களோடுதான் என்றேன். ஆசையாகப் பேத்திக்குத் தொட்டில் கட்டிவைத்திருந்தவர், வருத்தப்படுவாரோ என்று பயம். மித்ரா வேறு தோளில் கத்திக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நான் போவும்போதும் நீ தூங்குவ, வரும்போதும் தூங்குவ. நீ அழுவறது எனக்கு ஞாயித்துக்கெழமதான் கேக்கும். அவ அழுவறத நீ தெனம் கேளு."