அம்மோனியாவும் ஒரு ஹெட்டர் ஃபைலும்

பஷீர் பாய் போனில் ஹலோ கூடச் சொல்லவில்லை.

“தம்பி, கம்ப்யூட்டர் புகைஞ்சிடுச்சு. உடனே வர்றியா?”

முந்தின ராத்திரி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இடி இறங்கியிருந்தது... அதன் உபயம்.

பாய்க்குப் பூர்வீகம் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டியில் இறாலை உரித்து, உறைய வைத்து அனுப்புகிற யூனிட் ஒன்று நடத்துகிறார். உறைய வைக்கிற மெஷினில் ஓடுவது அம்மோனியா. குழாயில் கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் ஆளே காலி. அதைக் காவல் காப்பதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் வேலை. சுவரில் உள்ள சென்சார் வாயு அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும்; அளவு ஏறினால் கம்ப்யூட்டர் சைரனை அலற விடும்.

காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. இந்த மாதிரி யூனிட்டுகளின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. பைக்கை எடுத்துக்கொண்டு பெரியபாளையம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

இறால் உரிக்கிற பெண்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் போட்ட இறால் பெட்டிகள் நிழலில் அடுக்கியிருந்தன. ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஹால் கதவை மறித்துக்கொண்டு நின்றார் சூப்பர்வைசர் கலா.

“சைரன் இல்லாம ஒருத்தியும் உள்ள போவ மாட்டா சார். போன வருசம் லீக் ஆச்சே, அது கத்துனதாலதான் நாங்கள்லாம் ஊடு போய்ச் சேர்ந்தோம்.”

பாய் உருகுகிற ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எரிந்து போனது பழைய யூனிக்ஸ் மெஷின். அந்த மாடல் இப்போது எங்கும் கிடைக்காது. ஆனால் ப்ரோக்ராமின் மூலம், ‘சி’ மொழியில் எழுதிய சோர்ஸ் கோடு, ஒரு சிடியில் பத்திரமாக இருந்தது. ஆபீசில் இருந்து ஒரு சாதாரண பிசியைக் கொண்டுபோயிருந்தேன். அதில் லினக்ஸ். யூனிக்ஸும் லினக்ஸும் ஒரே குடும்பம்தானே, கம்பைல் பண்ணினால், அதாவது அந்தக் கோடை இந்த மெஷினின் மொழிக்கு மாற்றினால், ஓடிவிடாதா?

ஓடாது! ஒரே தமிழ்தான்... மதுரையில் வீடு, இங்கே ஊடு. அந்த மாதிரி. சென்சார் வயரைச் செருகும் சீரியல் போர்ட்டுக்காக ப்ரோக்ராமின் தலையில் சேர்க்கிற ‘ஹெட்டர்’ ஃபைலின் பெயரில் கூட இங்கே ஒரு ‘எஸ்’ கூடுதல். இப்படி மெஷினுக்கு மெஷின் மாறுகிற சமாச்சாரங்களை எல்லாம் ஒரே ஹெட்டர் ஃபைலில் தனித்தனிப் பகுதியாக எழுதி வைப்பது வழக்கம். இந்த ப்ரோக்ராமிலும் இருந்தது. லினக்ஸுக்கு மட்டும் பகுதி இல்லை.

பழைய மெஷினின் பகுதியை அப்படியே காப்பி அடித்து, ‘லினக்ஸ்’ என்று பெயர் போட்டேன். கம்பைல் கொடுத்தேன். திரை முழுக்கத் திட்டு! இந்த ஹெட்டரைக் காணோம்... இந்த ஃபங்ஷனைக் கேள்விப்பட்டதே இல்லை... ஒவ்வொன்றாகத் திருத்தினேன். திட்டு குறைந்துகொண்டே வந்து, ஒருவழியாக நின்றது.

ப்ரோக்ராம் ஓடியது. திரையில் பச்சை. அம்மோனியா அளவு: ஸீரோ.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் பாய். “டீ சொல்லவா தம்பி?”

“டெஸ்ட் பண்ணிடலாம் பாய்” என்றேன். கலா அதற்குள் ஒரு குச்சி முனையில் துணியைச் சுற்றி அம்மோனியாத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். வாரா வாரம் செய்வதுதானாம். முகத்தை மூடிக்கொண்டு குச்சியைச் சென்சாருக்குப் பக்கத்தில் நீட்டினார். தள்ளி நின்ற எனக்கே மூக்கில் சுருக்கென்று ஏறியது.

திரையில்?

ஸீரோ.

“இன்னா சார் இது? எனுக்குக் கண்ணு எரியுது. உங்க பொட்டி ஸீரோன்னு சொல்லிக்கினு கீது?”

டெஸ்ட் பண்ணாமல் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால்? அத்தனை பெண்களும் உள்ளே... அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சென்சார் அனுப்புகிற எண்ணை அப்படியே திரையில் காட்டச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் ஓடியது! சென்சார் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ப்ரோக்ராம்தான் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். சென்சார் ஒரு எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும். பழைய மெஷின் முதலில் வருவதைப் பெரிய துண்டு என்று எடுத்துக்கொள்ளும். பிசி அதையே சின்னத் துண்டு என்று எடுத்துக்கொள்ளும். 02 என்று எழுதினால் 20 என்று படிப்பது போல. ஸீரோவை எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஸீரோதான், அதனால் சந்தேகமே வரவில்லை. உண்மையில் வாயு வந்தபோது எண் தாறுமாறாகப் பெரிதாகி, “இவ்வளவு இருக்கவே இருக்காது” என்று ப்ரோக்ராம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது; திரையில் பழைய ஸீரோவே நின்றது.

மெஷின் எதைப் பெரிய துண்டாக எடுக்கும் என்று ப்ரோக்ராமுக்குச் சொல்லும் வரியும் அந்த ஹெட்டரில்தான் இருந்தது. மற்ற வரிகளோடு சேர்ந்து, பழைய மெஷினின் முறைப்படியே காப்பியாகி வந்திருந்தது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. அதனால் கம்பைலர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வரியை மாற்றினேன். கூடவே, நம்ப முடியாத எண் வந்தால் தூக்கிப் போடாமல் அதற்கும் சைரன் அடிக்கும்படி செய்தேன். “சும்மா சும்மா கத்துமா?” என்றார் பாய். “கத்தட்டும் பாய்” என்றேன். “ஆமா, கத்தட்டும்” என்றார்.

கலா மறுபடி குச்சியை நீட்டினார். எண் ஏறியது... ஏறியது... சிவப்பு.

சைரன் அலறிய அலறலில் கூரையே பெயர்ந்துவிடும் போல இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்பாடா!

வாசலில் இருந்த பெண்களிடம் டெஸ்ட் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சைரன் கேட்டதும் எழுந்து கேட்டைப் பார்த்து ஓடிவிட்டார்கள். கலா பின்னாலேயே ஓடினார்.

“ஏய், டெஸ்ட்டுடி! எங்கடி ஓட்றீங்க? வாங்கடி!”

சிரிப்பும் திட்டுமாகத் திரும்பி வந்தார்கள். அதிர்ச்சியில் செருப்பை விட்டுவிட்டு ஓடிய ஒரு அம்மா என்னைப் பார்த்து, “பேஜாரு பண்ணிட்டியே நைனா!” என்றார். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு எந்த ஆபீசிலும் கிடைத்ததில்லை. கலா முதல் ஆளாக ஹாலுக்குள் போனார். மற்றவர்கள் பின்னால். இறால் பெட்டிகளும் உள்ளே போயின.

திரும்பும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டியதால் ஒரு கெடுதலும் வரவில்லை. அது திட்டாமல் விட்ட ஒரே வரிதான் ஊரையே அழ வைக்கப் பார்த்தது. மனிதர்களும் இப்படித்தானோ? நம்மைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். எதற்கும் வாயைத் திறக்காமல் தலையாட்டுகிறவர்களை நம்பிவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “அம்மோனியா பக்கத்துலயா போய் நின்னீங்க? காலையில போன மனுஷன், ஒரு போன் பண்ணக் கூடாதா?”

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையாட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டேன்... அதைப் பார்த்து அவளுக்குத்தான் பயமாகப் போய்விட்டது!