பீரோவுக்குள் என்ன?

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மனசுக்குள் சினிமா டைரக்டர். இன்னும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான் குறை. ஒரு தடவை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பொழுது போகட்டுமென்று வெளியே நின்று கதை சொன்னானாம். பழுது பார்த்துக் கதவைத் திறந்தால் ஒருத்தரும் இறங்கவில்லை. "இடைவேளைதானே ஆச்சு" என்றார்களாம். வாயாலேயே அவன் மழை பெய்ய வைத்தால், மாடி வீட்டம்மா ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணியெடுப்பாள். பொய்யில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

அந்தத் திறமைதான் அவனுக்கு வினை. பணம் போடக்கூடியவர்களைத் தேடிப் போய் சண்டை, அழுகை, பின்னணி இசை சகிதம் கதையைக் கொட்டுவான். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படமே பார்த்த மாதிரி இருக்கு தம்பி. இனி எதுக்கு எடுக்கணும்?" என்று அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக அகப்பட்டவர் குளியலறைச் சாமான் விற்கும் முதலாளி. "இவரும் கைவிரிச்சா கதையை மூட்டை கட்டிடறேன்க்கா" என்றான். சொல்லிவிட்டு ஒத்திகை பார்த்துப் பார்த்து அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழி? அவனுக்குப் பதில் கதை சொல்ல, அவனையும் கூட்டிக்கொண்டு அவன் பெண்டாட்டி கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலாளி அறையில் சுவரோரம் கழிப்பறைக் கோப்பைகள், சபை கூடினாற்போல வரிசையாக. அவள் கேஸ் சிலிண்டர் வராததைப் புகார் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு திருடன் சார். திருடப் போன வீட்ல, புதுச் சமையல்காரன்னு நினைச்சு அடுப்படிக்குள்ள தள்ளிடறாங்க. வாசல்ல போலீஸ். சரின்னு சமைக்கிறான். ருசியில மயங்கி வீட்டம்மா பீரோ சாவியையே குடுத்துடறாங்க. போய்த் திறக்கிறான்."

நிறுத்தினாள்.

"உள்ள என்ன?" முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் என் தம்பி துள்ளி எழுந்தான். குரல் போனால் என்ன, கை இருக்கிறதே! காற்றில் எதையோ வரைய ஆரம்பித்தான். அவள் சட்டென்று அவன் இரண்டு கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"படம் வந்தா தெரிஞ்சுடும் சார்."

"நகையா?"

"பார்க்கலாம் சார்."

"பொணமா?"

"பார்க்கலாம் சார்."

"என்கிட்ட மட்டும் சொல்லும்மா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"இப்படித்தானே சார் ஊரே கேக்கும்? டிக்கெட் வாங்கிட்டுக் கேக்கட்டும்."

முதலாளி கொஞ்ச நேரம் கழிப்பறைக் கோப்பைகளை முறைத்தார். "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

தெருவுக்கு வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். "அடிப்பாவி, சரியான இடத்துல நிறுத்தினியே!"

"நிறுத்தலை அண்ணி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. இவர் அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆமா, உள்ள என்னதாங்க இருந்துச்சு?"

தம்பி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.