ஒரு சீடிக்கு நாற்பத்து நான்கு பேர்: ராகலையிலிருந்து ஹட்டனுக்குக் கணினி வாங்கப் போனது

ராகலைப் பக்கத்திலிருந்து கணினி வாங்க ஹட்டனுக்குப் போகலாமா, இல்லை கொழும்புக்கே போய்விடலாமா என்று மூன்று பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். நான் 2007 பெப்ரவரியில் ஹட்டனுக்குப் போனேன், அம்மாவோடு. அந்தப் பயணத்தை அப்படியே எழுதுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் காரணம். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்புறம் கொழும்பில் ஒரு தையல் ஃபாக்டரி, ஒரு புடவைக் கடை, திரும்பி வந்து ராகலை டவுனில் ஃபோன் பேச, கொப்பி எடுக்க ஆட்கள் வருகிற ஒரு கொம்யூனிகேஷனில் டைப்பிங். மூன்றிலும் நிலைக்கவில்லை. முதல் இரண்டையும் நானாக விட்டேன். மூன்றாவது இடத்தில், பரீட்சை நெருங்கிய வாரம், கள்ளக் கொப்பிச் சீடியிலிருந்து மென்பொருள் போட்டிருந்த கணினி படுத்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு நான் அடித்து வைத்திருந்த கேள்வித்தாள்கள் எல்லாம் போயின. ஆறு பள்ளிக்கூடங்களின் வேலையும் அதோடு அந்தக் கடையை விட்டுப் போனது. நானும் கிளம்பிவிட்டேன்.

அந்த ஆறில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர் சொந்தக் கணினி இருந்தால் முதலாம் தவணைத் தாள்களை எனக்கே தருவதாகச் சொன்னார். மார்ச் கடைசியில் பரீட்சை. என்னிடம் சல்லி இல்லை. அம்மாவிடம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அந்த ஜனவரியில்தான் இ.பி.எப். பணத்தை எடுத்திருந்தார். அதில் பாதிக்கு மேல் இதற்குப் போகும். நான் நாலாவதையும் விட்டுவிட்டு ஓடினால் அந்தக் காசு அவ்வளவுதான். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

காலை 6.40க்கு ராகலையில் பஸ் ஏறினோம். நுவரெலியாவுக்கு டிக்கெட் 28 ரூபா. கந்தப்பளையில் மரக்கறி மூட்டைகள் ஏறியதில் பதினைந்து நிமிஷம் போனது. 7.55க்கு நுவரெலியா. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு 8.20 ஹட்டன் பஸ். அதற்கு 52 ரூபா. நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை என்று 10.25க்குப் போய்ச் சேர்ந்தது. தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் நடுவே நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டுமானால் இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்காதீர்கள், நான் தூங்கிவிட்டேன்.

ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்து, இங்கேயே கலியாணம் கட்டி, வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவர். எல்லாரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுகிறார்கள். பெட்டி, திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்த்து 48,500 என்றார்.

அம்மா உட்காரக்கூட இல்லை.

"எங்க பக்கத்து லயத்து வீட்டுக் கோமதி குவைத்துல இருந்து வந்துருக்கு. அங்க இதே சாமான் முப்பத்திரண்டாயிரமாங்க. எங்க பணமா மாத்திச் சொன்ன கணக்கு."

"இருக்கும் அம்மா. அங்க வரி இல்லை."

"வரி மட்டுமா? தராசுல கழிக்கிற மாதிரி எத்தன எடத்துல கழிச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க."

அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றே பழகியவர். அங்கே ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார்கள். எது எவ்வளவு என்று கேட்காமல் அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. வாத்தியார் சிரித்துவிட்டு ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். சாமான் வெளிநாட்டில் 31,000. கப்பல், இன்சூரன்ஸ், துறைமுகக் கூலி 2,200. வரிகள் 6,800. இறக்குமதி செய்த கொழும்புக்காரருக்கு 3,500. கொழும்பிலிருந்து லொறி 700. மிச்சம் 4,300 அவருக்கு.

"இதுல ஒங்களுக்கு மட்டும் நாலாயிரத்தி முந்நூறா?"

"ஒரு வருசத்துக்குள்ள பழுதானா நான்தான் அதைக் கொழும்புக்குக் கொண்டு ஓடவேணும் அம்மா. குவைத்துக் கடைக்காரன் ராகலைக்கு வருவானோ?"

"வரமாட்டான். அப்ப மூவாயிரத்தி முந்நூறு எடுத்துக்கங்க."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். 47,500க்கு முடிந்தது. வீட்டுக்கு வானில் கொண்டுவந்து தர 1,800 என்றார். "பஸ்ஸுல கொண்டு போயிருவோம்" என்றார் அம்மா.

பிறகுதான் மென்பொருள். அசல் சீடி 11,500, கொப்பி 150. "எல்லாரும் நூற்றைம்பதுதான்" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தாமல். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மா அசல் சீடியின் உறையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தன கிராம் இருக்கும்? இதுக்குத் தனி லொறி உண்டா? கப்பல் கூலி?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"பெறகு எதுக்கு இந்த வெல?"

"இதைச் செய்த ஆக்கள் அமெரிக்காவிலை. உலகம் முழுக்க ஒரே விலைதான் வைக்கினம் அம்மா. அங்கை ஒரு ஆள் ஒரு நாள் உழைச்சா வாங்கிப்போடுவார்."

தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர் என்று பதிவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அப்போது ஒரு பேருக்கு எல்லாம் சேர்த்து 260 ரூபா. அம்மா எந்த விலையையும் பேரில்தான் யோசிப்பார். உதடு அசைந்தது.

"எனக்கு நாப்பத்தி நாலு பேரு. அந்தாளுக்கு ஒரு பேரு. இத எப்படிங்க ஒரே வெலன்னு சொல்றீங்க?"

"இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை" என்று வாத்தியார் மேசை லாச்சியைத் திறந்து, வெளிநாட்டு முத்திரை ஒட்டிய ஒரு கடித உறையை எடுத்தார். உள்ளே ஒரு சீடி, அதே வேலையைச் செய்கிற வேறொரு மென்பொருள். யார் எழுதிக் கேட்டாலும் அதைச் செய்தவர்களே இலவசமாக அனுப்புகிறார்களாம். கள்ளக் கொப்பி இல்லை.

"தபால் செலவு செஞ்சு அனுப்புனது சும்மா. ஒண்ணுமே செலவில்லாதது பதினோராயிரத்தி ஐநூறு. நல்ல கணக்குங்க வாத்தியாரே."

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பள்ளிக்கூடங்கள் கொண்டுவரும் பழைய தமிழ் எழுத்துக் கோப்புகள் அதில் கிறுக்கலாகத்தான் தெரியும். விசைகளும் வேறு இடத்தில். எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். ஒரு மாதம் பிடிக்கும் என்றார் வாத்தியார். பரீட்சைக்குக் கையில் இருந்தது ஐந்து வாரம்.

"நூத்தம்பது ரூவாதானே, அத வாங்கிருவோம்" என்றேன்.

"அதுதானே போன தடவ படுத்துச்சு? நீயும் எந்திரிச்சு வந்துட்ட." அம்மா என் பக்கம் திரும்பினார். "நாப்பத்தி நாலு பேரு என்னால முடியாது. நான் ரிட்டயரு. ஒன்னால முப்பது பேரு முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, சாமானே வேணாம், பஸ் காசோட போயிருவோம்."

நான் முடியும் என்றேன். உள்ளுக்குள் அவ்வளவு நிச்சயம் இல்லை. அந்த இலவசச் சீடியையே போடச் சொன்னோம்.

பெட்டியை நான் தூக்கினேன். திரை பதினாலு கிலோ, அந்தக் காலத்துக் கொழுத்த திரை. அம்மா வாத்தியாரிடம் நைலோன் கயிறு வாங்கிக் கட்டி, சால்வையை மடித்து உச்சந்தலையில் வைத்து, கயிற்றை அதன்மேல் மாட்டி, கூடை போல முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு படி இறங்கினார். ஹட்டன் டவுனே பார்த்தது. "கூட நெறஞ்சா இருவது கிலோ. இது என்னா?" என்றார். 1.50 பஸ்ஸில் கண்டக்டர் "மே டிவி எக்கத?" என்று சிங்களத்தில் கேட்டார். டிவியா என்கிறார். "டிவி நெமெய், கொம்பியூட்டர்" என்றார் அம்மா, ஏதோ தினமும் வாங்குகிறவர் மாதிரி. பெட்டிகளுக்குக் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கூடப் போட்டார். நுவரெலியாவில் மாறி, 5.40க்கு ராகலை.

போகிறவர்களுக்கு: கொழும்பில் இரண்டாயிரம் குறையலாம், ஆனால் பழுதானால் ஒரு நாளும் பஸ் காசும் போகும். விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருகிறார்கள். திரையைப் பஸ்ஸின் பின் சீட்டில் வைக்காதீர்கள், லிந்துலை வளைவுகளில் உருளும். மழை மாதத்தில் பொலித்தீன் கொண்டுபோங்கள். வெளிநாட்டு விலையைச் சொல்லிப் பேரம் பேசினால் ஆயிரம்தான் குறையும். மிச்சம் கடைக்காரர் கையில் இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா சுவரில் தொங்கிய கலண்டரை எடுத்து மேசைக்கு நேரே மாட்டினார். நான் நாள் முழுக்க உட்கார்ந்து பழகினால் ஒரு கோடு. பாதியில் எழுந்தால் அரைக் கோடு. முதல் வாரத்தில் மூன்று அரை. ஒரு நாள் வலப்பனைச் சந்தைக்கு ஓடிவிட்டேன், அன்றைக்குக் கட்டம் வெறுமை. இரண்டாம் வாரத்திலிருந்து கோடுகள் நீண்டன. இருபத்தெட்டாவது பேரில் முதல் கேள்வித்தாளை அச்சடித்தேன். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே எல்லாத் தாளும் போய்விட்டன. இரண்டாம் தவணையில் நாலு பள்ளிக்கூடங்கள் வந்தன.

இது இரண்டாவது வருஷம். கணினி அதேதான், நானும் அதே நாற்காலியில்தான். கலண்டர் மட்டும் புதிது. இதை எழுதி முடித்துவிட்டு, இன்றைக்கு எந்தக் கோடு போடுவீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கேள்வித்தாளா?"

"இல்லம்மா. நம்ம ஹட்டன் போன கதை."

"காசு வருமா?"

"வராது."

அம்மா பென்சிலை எடுத்து அரைக் கோடு போட்டார்.